மூன்று வருஷம் முடிஞ்சாச்சு, டிகிரி கைக்கு வரலையா? வேலூர்ப் பக்கத்து மாணவர்களுக்கு

அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பு 2021-22இன்படி தமிழ்நாட்டில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம். நாடு முழுவதற்கும் சேர்த்து 28.4தான். மேடையில் பெருமையாகச் சொல்லத்தக்க எண்தான், மறுக்கவில்லை. ஆனால் அது கல்லூரி வாசலுக்குள் நுழைந்தவர்களின் கணக்கு. பட்டத்தோடு வெளியே வந்தவர்கள் எத்தனை பேர் என்று அந்த 47 சொல்லாது. ஆம்பூர், வாணியம்பாடி ஷூ கம்பெனிகளிலும் ராணிப்பேட்டை சிப்காட்டிலும் "பி.காம். முடிச்சிருக்கேன், ரெண்டு பேப்பர் நிக்குது" என்று சொல்லிக்கொண்டே பிளஸ் டூ சம்பளத்தில் வேலை செய்கிறவர்களை எல்லோருக்கும் தெரியும்.

பட்டம் பரீட்சை ஹாலில்தான் நழுவுகிறது என்று நினைக்கிறோம். நிறையப் பேருக்கு அது நழுவுவது கல்லூரி ஆபீஸ் ஜன்னலில். தேதிக்குள் கட்டாத பரீட்சைக் கட்டணம், எண்ணிப் பார்க்காத லீவு, இருப்பதே தெரியாத ஒரு பேப்பர், இப்படி. இவற்றையெல்லாம் ஒரு நோட்டும் பேனாவும் வைத்துக்கொண்டு சரிசெய்துவிடலாம். இந்தக் குறிப்பு மூன்று வருடக் கலை, அறிவியல் பட்டப் படிப்புக்கு மட்டும். பொறியியலுக்கும் பாலிடெக்னிக்குக்கும் விதிகள் வேறு.

உங்கள் பரீட்சையை நடத்துவது யார்?

இதற்குப் பதில் தெரியாமல் ஆபீஸ் ஆபீஸாக அலைகிறவர்கள் உண்டு. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களின் கலை, அறிவியல் கல்லூரிகள் 2002இல் தொடங்கிய திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின்கீழ் வருகின்றன. அதன் வளாகம் காட்பாடியைத் தாண்டிச் சேர்க்காட்டில் இருக்கிறது. இந்தக் கல்லூரிகளில் இரண்டு வகை. சாதாரண இணைப்புக் கல்லூரி என்றால் கேள்வித்தாள், ரிசல்ட், மார்க் ஷீட் எல்லாம் சேர்க்காட்டிலிருந்து வரும். தன்னாட்சிக் கல்லூரி என்றால், அதாவது ஆட்டானமஸ், பரீட்சை நடத்துவதும் ரிசல்ட் போடுவதும் கல்லூரிக்குள்ளேயே இருக்கும் தேர்வுக் கட்டுப்பாட்டாளர் அலுவலகம். பட்டம் மட்டும் பல்கலைக்கழகத்தின் பெயரில் வரும். ஊரீசு, ஆக்சிலியம், திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரி எல்லாம் தன்னாட்சி. அங்கே படித்தவர்கள் அரியருக்காகச் சேர்க்காட்டுக்கு பஸ் ஏறினால் ஒரு நாள்தான் வீண்.

கணக்கு நோட்டு

ஆறு செமஸ்டர் மார்க் ஷீட்டையும் பரப்பி வைத்துக்கொள்ளுங்கள். நோட்டில் இப்படி எழுதுங்கள்: பேப்பர் கோட், பேப்பர் பெயர், எந்த செமஸ்டர், இன்டர்னல் (கல்லூரியில் தரும் மார்க்), எக்ஸ்டர்னல் (செமஸ்டர் பரீட்சை மார்க்), ரிசல்ட், கிரெடிட் (அந்தப் பேப்பருக்குப் பாடத்திட்டம் தரும் எடை). ஒரு பேப்பருக்கு ஒரு வரி. மொத்தக் கிரெடிட்டைக் கூட்டினால் வழக்கமாக 140 வர வேண்டும். 136 வந்தால் நான்கு எங்கே என்று தேடுங்கள். இந்த ஒரு மணி நேர வேலையில்தான் பலருக்கு முதல் அதிர்ச்சி காத்திருக்கிறது.

காரணம், பட்டம் என்பது மேஜர் பேப்பர்கள் மட்டும் இல்லை. ஐந்து பகுதிகள் இருக்கின்றன. பார்ட் 1 தமிழ் அல்லது வேறு மொழி. பார்ட் 2 ஆங்கிலம். பார்ட் 3 மேஜர், அலைடு, எலெக்டிவ். பார்ட் 4இல் சுற்றுச்சூழல் கல்வி, மதிப்புக் கல்வி, வேறு துறையில் எடுக்க வேண்டிய நான்-மேஜர் எலெக்டிவ், திறன் சார்ந்த பேப்பர்கள். பார்ட் 5 என்பது என்.எஸ்.எஸ்., என்.சி.சி., விளையாட்டு மாதிரி விரிவாக்கப் பணி. ஃபர்ஸ்ட் கிளாஸா செகண்ட் கிளாஸா என்று கணக்கிடும்போது பார்ட் 4, பார்ட் 5 மார்க்கைச் சேர்ப்பதில்லை. அதனால் "அது சும்மா பேப்பர்" என்ற பேச்சு மாணவர்களிடம் ஓடுகிறது. சும்மா பேப்பரில் ஒன்று நின்றாலும் பட்டம் வராது. சுற்றுச்சூழல் கல்வி உச்ச நீதிமன்ற உத்தரவால் நாடு முழுக்கக் கட்டாயமானது. அதில் யாரும் விதிவிலக்குத் தர முடியாது. 2022இல் வந்த, தமிழ்நாடு அரசின் திறன் பயிற்சித் திட்டமான நான் முதல்வன் படிப்புகளும் பாடத்திட்டத்துக்குள் நுழைந்துவிட்டன. அவை உங்கள் மார்க் ஷீட்டில் கிரெடிட்டோடு இருந்தால் அவற்றையும் முடித்தாக வேண்டும்.

ரிசல்ட் கட்டத்தில் இருக்கும் எழுத்துகளையும் பாருங்கள். ஆர்.ஏ. என்றால் மறுபடி எழுத வேண்டும். ஆப்சென்ட் என்றால் நீங்கள் போகவில்லை, அல்லது போயும் பதிவாகவில்லை. போய் எழுதியிருந்தால் ஹால் டிக்கெட் நகலோடு உடனே எழுதிக் கொடுங்கள். ரிசல்ட் நிறுத்தி வைப்பு என்று இருந்தால் அது தோல்வி இல்லை. கட்டண பாக்கி, இன்டர்னல் மார்க் போய்ச் சேராதது, பிராக்டிகல் மார்க் ஏறாதது, இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும். இது படித்துத் தீர்க்க வேண்டிய விஷயம் இல்லை. துறைத் தலைவரிடம் ஒரு கடிதம் வாங்கிக் கொடுத்தால் தீரும். அறிவியல் மாணவர்களுக்கு இன்னொன்று: பிராக்டிகல் அரியரை நினைத்த நாளில் செய்ய முடியாது. வெளித் தேர்வாளர் வரும் நாள் ஒன்றோ இரண்டோதான். அந்தத் தேதியைத் தியரி கால அட்டவணையில் தேடாதீர்கள். துறை லேப் வாசலில்தான் ஒட்டுவார்கள்.

லீவு எத்தனை நாள் போடலாம்

இன்னும் கல்லூரியில் இருப்பவர்களுக்கு இது. செமஸ்டருக்கு 90 வேலை நாள் என்று வைத்துக்கொள்வோம். பரீட்சை எழுத வேண்டிய 75 சதவீத வருகை என்பது 68 நாள். ஆக 22 நாள் வரை லீவு போட்டாலும் பரீட்சைக்குத் தடை இல்லை. வருகை 65 முதல் 74 சதவீதம் வரை என்றால், குறைவை மன்னிக்க வாங்கும் காண்டனேஷன் கட்டணம் கட்டி, மருத்துவச் சான்று மாதிரி ஒரு காரணமும் கொடுத்து எழுதலாம். அதாவது 31 நாள் வரை. 50க்கும் 65க்கும் இடையில் என்றால் இந்த முறை எழுத முடியாது, அடுத்த முறை எழுதலாம். 50க்கும் கீழே போனால் அந்த செமஸ்டரையே திரும்பப் படிக்க வேண்டும். உங்கள் கல்லூரி கையேட்டில் இந்த வரம்புகள் அச்சாகியிருக்கும். தன்னாட்சிக் கல்லூரிகளில் சிறு வித்தியாசம் இருக்கலாம், ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

22 நாள் நிறைய மாதிரித்தான் தெரியும். கரைகிற விதத்தைப் பாருங்கள். ஒடுகத்தூரிலிருந்தோ பேரணாம்பட்டிலிருந்தோ வருகிறவர் காலை பஸ்ஸை விட்டால் முதல் மணி நேரம் போய்விடும். பல கல்லூரிகளில் அது அரை நாள். வாரத்துக்கு ஒரு நாள் இப்படி லேட் ஆனாலே செமஸ்டருக்கு எட்டு நாள் காலி. மீதியைக் கேட்டரிங் தின்றுவிடும். ஆவணி, தை, வைகாசி முகூர்த்த நாட்களில் கல்யாண மண்டபத்தில் பரிமாறப் போனால் கையில் உடனே காசு. ராத்திரி பந்தி முடிய நேரமாகும், மறுநாள் காலை எழ முடியாது. ஒரு முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் என்று எழுதிக்கொள்ளுங்கள். போக வேண்டாம் என்று சொல்லவில்லை, பரீட்சைக் கட்டணமே பலருக்கு அந்தக் காசில்தான் வருகிறது. செமஸ்டர் தொடக்கத்திலேயே காலண்டரில் முகூர்த்த நாட்களைக் குறித்து, எத்தனைக்குப் போகப்போகிறோம் என்று முடிவுசெய்துவிட்டால் நவம்பரில் அழ வேண்டியதில்லை.

மதியம் தொடங்கும் ஷிப்ட் 2 வகுப்புகள் உங்கள் கல்லூரியில் இருந்தால், காலையில் வேலைக்குப் போகிறவர்களும் தூரத்து ஊர்க்காரர்களும் சேரும்போதே அதைக் கேட்பது நல்லது. நடுவில் மாற்றித் தர மாட்டார்கள்.

பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து இருக்கும் இலவசப் பயணம் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸுக்கு மட்டும்தான். குடியாத்தத்திலிருந்து வேலூர் வரும் ரூட் பஸ்ஸில் டிக்கெட் எடுத்துத்தான் ஆக வேண்டும். மாதத்துக்கு எவ்வளவு ஆகிறது என்று சேரும் முன்பே கணக்குப் போடுங்கள். அட்மிஷன் கட்டணத்தைப் பார்க்கிற வீடுகள் பஸ் செலவைப் பார்ப்பதில்லை. மூன்றாம் மாதம் நின்றுவிடுவது இதனால்தான்.

பாஸ் ஆக எத்தனை மார்க் வேண்டும்

இதைத் தெரிந்துகொள்ளாமலே பயந்து கிடப்பவர்கள் ஏராளம். தியரி பேப்பருக்கு வழக்கமான பிரிவு இன்டர்னல் 25, எக்ஸ்டர்னல் 75. மொத்தம் 40 வேண்டும், அதோடு எக்ஸ்டர்னலில் மட்டும் 30 வேண்டும். இன்டர்னலில் 10 வைத்திருப்பவருக்கு எக்ஸ்டர்னலில் 30 போதும். 18 வைத்திருந்தாலும் அதே 30தான். இன்டர்னலில் 5தான் என்றால் 35 எடுக்க வேண்டும். அரியர் எழுதும்போது பழைய இன்டர்னல் மார்க் அப்படியே நிற்கும். ஆகவே உங்கள் இலக்கு 75க்கு 30, அல்லது 30ஐ ஒட்டிய ஓர் எண். நோட்டில் ஒவ்வொரு அரியருக்கு எதிரிலும் அந்த எண்ணை எழுதுங்கள்.

இப்போது கேள்வித்தாள். வழக்கமான அமைப்பு: ஏ பிரிவில் 10 கேள்வி, தலா 2 மார்க். பி பிரிவில் 5 கேள்வி, தலா 5, ஒவ்வொன்றிலும் அதுவா இதுவா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். சி பிரிவில் ஐந்தில் மூன்று, தலா 10. பாடத்திட்டம் ஐந்து யூனிட். ஒவ்வொரு யூனிட்டிலிருந்தும் ஏ பிரிவில் இரண்டு, பியில் ஒன்று, சியில் ஒன்று வரும். அப்படியென்றால் ஒரு யூனிட்டின் மதிப்பு 4 + 5 + 10 = 19. மூன்று யூனிட்டை மட்டும் ஒழுங்காகப் படித்தால் 57 மார்க்குக்குக் கேள்வி கையில் இருக்கும். அதில் 60 சதவீதம் எழுதினாலே 34. ஐந்து யூனிட்டையும் அரைகுறையாகப் புரட்டுகிறவருக்கு இந்த 34 வருவதில்லை. சி பிரிவில் மூன்றைத்தான் எழுதப் போகிறோம், ஐந்து நெடுவினா படித்து என்ன பயன்? மூன்று யூனிட்டை முழுசாகவும், மீதி இரண்டில் இரண்டு மார்க் வரையறைகளை மட்டும் படியுங்கள்.

எந்த மூன்று? கடைசி ஐந்தாறு பரீட்சைகளின் பழைய கேள்வித்தாள்களை எடுத்து, நெடுவினாக்கள் திரும்பத் திரும்ப வருகிற யூனிட்டுகளைக் குறியுங்கள். கல்லூரி நூலகத்தில் பைண்டு செய்து வைத்திருப்பார்கள். ஆனால் கேள்வித்தாளின் மேலே உள்ள பேப்பர் கோட் உங்கள் மார்க் ஷீட்டில் உள்ள கோடாக இருக்க வேண்டும். 2023-24இல் பாடத்திட்டம் பல பல்கலைக்கழகங்களில் மாறியது. அதற்கு முன் சேர்ந்தவர்கள் ஜூனியரின் கைடை வாங்கிப் படித்துவிட்டு ஹாலில் விழிப்பது ஒவ்வொரு முறையும் நடக்கிறது.

நேரம் மூன்று மணி. ஏ பிரிவுக்கு 30 நிமிடம், பிக்கு 60, சிக்கு 75. மீதி 15 நிமிடத்தில் கேள்வி எண்களைச் சரிபாருங்கள். கேள்வி எண்ணைத் தப்பாகப் போட்டால் விடை சரியாக இருந்தாலும் மார்க் விழாமல் போகலாம். அதுவா இதுவா கேள்வியில் இரண்டையும் எழுதினாலும் ஒன்றுக்குத்தான் மார்க். பிசினஸ் ஸ்டாட்டிஸ்டிக்ஸ், அலைடு கணிதம், காஸ்ட் அக்கவுன்டிங் மாதிரிக் கணக்குப் பேப்பர்களில் விடை வராவிட்டாலும் பார்முலா, அட்டவணை, பாதி வழி எல்லாவற்றையும் எழுதிவிட்டு வாருங்கள். ஸ்டெப்புக்கு மார்க் உண்டு. அடித்துவிட்டு வந்தால் ஒன்றும் கிடையாது.

தமிழ்வழியில் பிளஸ் டூ படித்துவிட்டு ஆங்கிலவழியில் சேர்ந்தவர்களுக்கு முதல் வருடம்தான் கண்டம். அந்த இரண்டு செமஸ்டரில் விழும் அரியர் கடைசிவரை கூட வரும். தமிழில் எழுத அனுமதி கேளுங்கள். பாடம் ஆங்கிலத்தில் நடந்தாலும் பரீட்சையைத் தாய்மொழியில் எழுத விடுங்கள் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2023 ஏப்ரலில் எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் எழுதியது. துறைத் தலைவர் வழியாக முன்கூட்டியே கேட்டு, உறுதி வாங்கிக்கொண்டு எழுதுங்கள். ஒன்று மட்டும் கவனம்: ஆங்கிலவழியில் பதிந்து தமிழில் பரீட்சை எழுதுவதால் டி.என்.பி.எஸ்.சி.க்கான தமிழ்வழிச் சான்று கிடைத்துவிடாது. அதற்குப் படித்த வழியே தமிழாக இருக்க வேண்டும், அதுவும் பள்ளியிலிருந்தே.

கட்டணம் கட்டும் பத்து நாள்

நவம்பர் பரீட்சைக்கு வழக்கமாக செப்டம்பர், அக்டோபரிலும், ஏப்ரல் பரீட்சைக்கு பிப்ரவரி, மார்ச்சிலும் கட்டண அறிவிப்பு வரும். படிப்பு முடித்து வெளியே போனவர்களுக்கு யாரும் போன் செய்து சொல்ல மாட்டார்கள். உங்கள் பழைய வகுப்பு வாட்ஸ்அப் குழு செத்துக் கிடந்தாலும் வெளியே வராதீர்கள். இப்போது படிக்கிற ஜூனியர் ஒருவரின் நம்பரை வைத்துக்கொள்ளுங்கள். செப்டம்பர் 1, பிப்ரவரி 1 இரண்டையும் போனில் அலாரமாகப் போட்டு, அன்றிலிருந்து வாரம் ஒருமுறை கல்லூரி ஆபீஸில் விசாரியுங்கள்.

இங்கே நடக்கிற தப்புகள் எல்லாம் சின்னத் தப்புகள்தான். நடப்பு செமஸ்டருக்கு மட்டும் கட்டிவிட்டு அரியரை மறப்பது. பேப்பர் கோடில் ஓர் எழுத்தை மாற்றிப் போடுவது. பிரவுசிங் சென்டரில் காசைக் கொடுத்துவிட்டு ரசீது வாங்காமல் வருவது. ஹால் டிக்கெட் வந்ததும் நோட்டை எடுத்து ஒவ்வொரு கோடாக டிக் அடியுங்கள். ஒன்று விடுபட்டிருந்தால் பரீட்சைக்கு முந்தைய வாரம்வரை சரிசெய்ய வழி இருக்கும். ஹால் வாசலில் நின்று கேட்டால் வழி இல்லை.

நிறைய அரியர் இருப்பவர்கள் எதை முதலில் எழுதுவது? சுலபமானதை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பழையதை முதலில் எழுதுவதே நல்லது. பாடத்திட்டம் மாறினால் பழைய கேள்வித்தாள் சில முறைக்குப் பிறகு நின்றுவிடும். அதன்பின் அதற்கு ஈடான ஈக்விவலன்ட் பேப்பர் என்று புதிய பாடத்திட்டத்தில் ஒன்றைக் காட்டுவார்கள், அதில் நீங்கள் படிக்காத பாடம் பாதி இருக்கும். அடுத்து பிராக்டிகல், அதற்கும் அடுத்து மொழிப் பேப்பர்கள். நடப்பு செமஸ்டரோடு சேர்த்து மூன்று அரியருக்கு மேல் வேண்டாம். மூன்றுக்கு மூன்று யூனிட், ஒன்பது யூனிட்டே போதுமான பாரம்.

ரிசல்ட்டில் 27, 28 என்று நின்றால் விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்துவிட்டு ரீவேல்யுவேஷன், அதாவது மறுமதிப்பீடு, போடுங்கள். அதற்குத் தரும் அவகாசம் குறைவு, சில நாள்தான். இங்கேயும் ஒரு பள்ளம் இருக்கிறது. ரீவேல்யுவேஷன் முடிவு வருவதற்குள் அடுத்த பரீட்சைக்கான கட்டணத் தேதி போய்விடலாம். முடிவுக்குக் காத்திருக்காமல் அந்தப் பேப்பருக்கும் கட்டிவிடுங்கள். பாஸ் வந்தால் ஒரு பேப்பர் கட்டணம் நஷ்டம், வராவிட்டால் ஆறு மாதம் லாபம். கடைசி செமஸ்டரில் ஒரே பேப்பர் நிற்பவர்களுக்கு உடனடித் தேர்வு வைக்கிற வழக்கம் சில இடங்களில் உண்டு. ரிசல்ட் வந்த அன்றே கேளுங்கள்.

வேலையில் இருப்பவர்கள் சூப்பர்வைசரிடம் "பரீட்சை இருக்கு, ஒரு மாசம் லீவு" என்று கேட்டால் கிடைக்காது. கால அட்டவணை வந்ததும் உங்கள் பேப்பர் விழும் நாட்களை மட்டும் குறித்துக் காட்டுங்கள். நான்கு அரியர் என்றால் நான்கு அரை நாள்தான். காலைப் பரீட்சையா மதியமா என்று பார்த்து ஷிப்டை மாற்றிக்கொண்டால் சம்பளமும் போகாது.

உதவித்தொகை வராமல் நிற்பது எதனால்

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். 2022 செப்டம்பரில் தொடங்கியது. ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன், 2024 ஆகஸ்டிலிருந்து. அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் இரண்டும் உண்டு. மூன்று வருடத்துக்கு 36,000. ஓர் ஏழை வீட்டில் பஸ், சாப்பாடு, பரீட்சைக் கட்டணம் எல்லாம் இதில் அடங்கிவிடும். பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குக் குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும்.

விண்ணப்பித்தும் வரவில்லை என்றால் முதலில் வங்கிக்குப் போங்கள். பணம் வருவது அக்கவுன்ட் நம்பரைப் பார்த்து இல்லை, ஆதாரைப் பார்த்து. உங்கள் ஆதார் கடைசியாக எந்த வங்கியில் மேப் ஆகியிருக்கிறதோ அங்கே போகும். பள்ளியில் திறந்த அக்கவுன்ட் ஒன்று, கல்லூரியில் திறந்தது ஒன்று, வேலைக்குச் சேர்ந்தபோது சம்பளத்துக்காக ஒன்று என்று மூன்று இருந்தால், மாதாமாதம் பணம் நீங்கள் பார்க்காத பாஸ்புக்கில் விழுந்துகொண்டிருக்கலாம். கவுன்ட்டரில் "ஆதார் லிங்க் ஆகியிருக்கா" என்று கேட்டால் ஆமாம் என்பார்கள். "அரசுப் பணம் வரும்படி என்.பி.சி.ஐ. மேப்பிங் ஆகியிருக்கா" என்று கேளுங்கள், அது வேறு. என்.பி.சி.ஐ. என்பது தேசியப் பணப் பரிமாற்றக் கழகம்.

அடுத்த சிக்கல் இனிஷியல். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் ஒரு மாதிரி, ஆதாரில் அப்பா பெயர் முழுசாக, வங்கியில் இனிஷியல் முன்னால். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை அடிப்படையாக வைத்து மற்றதை மாற்றுங்கள். மார்க் ஷீட்டை மாற்றப் போனால் வருடம் ஓடிவிடும். கல்லூரி உங்களை, அரசின் கல்லூரி மாணவர் பதிவுத் தளமான யுமிஸில் பதிந்திருக்கிறதா, எந்த வருடம் என்று காட்டுகிறது என்பதையும் பாருங்கள். இரண்டாம் வருட மாணவரை முதல் வருடத்திலேயே விட்டுவைத்திருந்தால் பணம் நிற்கும்.

ஜவ்வாது மலைப் பிள்ளைகளுக்கு இன்னொரு தடை இருக்கிறது. பழங்குடியினர் சான்று தாசில்தார் தருவதில்லை, கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர்தான் தர வேண்டும். விசாரணை இழுக்கும். இந்த மலைகளில் வாழும் மலையாளி சமூகத்தை (கேரளத்துக்காரர்கள் இல்லை) பழங்குடியினராகச் சொல்லும் பட்டியலில் இன்றும் வட ஆற்காடு என்ற பழைய மாவட்டப் பெயர்தான் நிற்கிறது. வட ஆற்காடு 1989இல் இரண்டானது, 2019இல் வேலூர் மூன்றாக உடைந்தது. மாவட்டம் உடைந்ததால் உரிமை போய்விடாது. கல்லூரி சேர்ந்த பிறகு சான்றுக்கு அலைந்தால் முதல் வருட உதவித்தொகை கைவிட்டுப் போகும். பதினொன்றாம் வகுப்பிலேயே விண்ணப்பித்துவிடுங்கள். தங்குவதற்கு அரசின் சமூகநீதி விடுதிகளில் கல்லூரி மாணவர்களுக்கு இடம் உண்டு, அட்மிஷன் ரசீது வந்த வாரமே மனுப் போடுங்கள்.

கல்யாணம்

இரண்டாம் வருடத்தில் நிச்சயம் ஆகிற பெண்கள் இந்தப் பக்கம் குறைவில்லை. வீட்டில் பேசும்போது "படிக்கணும்" என்று பொதுவாகச் சொன்னால் தள்ளிவிடுவார்கள். தேதியோடு பேசுங்கள்: ஆறாவது செமஸ்டர் வகுப்பு எந்த மாதம் முடிகிறது என்று. ஆறு செமஸ்டர் வருகையும் முடிந்துவிட்டால் அதன்பின் கல்லூரிக்குப் போக வேண்டியது பரீட்சை நாட்களில் மட்டும்தான். அரியர் இருந்தாலும் திருப்பத்தூரிலிருந்தோ ஓசூரிலிருந்தோ வந்து எழுதிவிட்டுப் போகலாம். நடுவில் நிறுத்தினால் மறுபடி சேர வேண்டும், விட்ட செமஸ்டரின் வருகை கணக்கு முதலிலிருந்து. கல்யாணத்தை ஐந்து மாதம் தள்ளுவதும் பட்டத்தை ஐந்து வருடம் தள்ளுவதும் ஒன்று இல்லை என்பதைப் பெண்ணின் அம்மாவிடம் சொன்னால் புரிந்துகொள்கிறார்கள். மாமனார் வீட்டுக்குப் போகும்போது மார்க் ஷீட், டி.சி., ஹால் டிக்கெட் நகல்களை உடன் எடுத்துப் போங்கள். கல்யாணத்துக்குப் பிறகு பெயரையோ இனிஷியலையோ மாற்றுவதைப் பட்டம் வாங்கிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

பாதியில் நின்றவர்கள்

எந்த செமஸ்டரோடு நின்றீர்கள், எத்தனை வருடம் ஆகிறது, இரண்டையும் எழுதுங்கள். மூன்று வருடப் படிப்பை முடிக்கக் கூடுதலாக இரண்டு வருடம், தவிர்க்க முடியாத காரணம் இருந்தால் இன்னும் ஒன்று என்பது பல்கலைக்கழக மானியக் குழு 2015இல் சொன்ன வழிகாட்டுதல். பல்கலைக்கழகங்கள் சில நேரம் பழைய மாணவர்களுக்குச் சிறப்பு வாய்ப்பும் தருகின்றன. அந்த அறிவிப்பு வந்தால் விட்டுவிடாதீர்கள், எப்போதும் வரும் என்று நம்பியும் இருக்காதீர்கள்.

வரம்புக்குள் இருந்தால் அதே கல்லூரியில் ரீஅட்மிஷன். சேர வேண்டிய செமஸ்டர் தொடங்கும் மாதத்திலேயே கல்லூரி முதல்வருக்கு மனு, மார்க் ஷீட் நகல்கள், நின்ற காரணத்துக்கு ஒரு சான்று. மூன்றாவது செமஸ்டரோடு நின்றவர் நான்காவதில்தான் சேர முடியும், அது டிசம்பரில் தொடங்கும். ஜூனில் போய் நான்காவது செமஸ்டர் கேட்டால் இடம் இருக்காது. பாடத்திட்டம் மாறியிருந்தால் சில பேப்பர் கூடுதலாக எழுத வேண்டிவரும்.

கட்டண பாக்கிக்காகக் கல்லூரி அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்திருந்தால், அப்படி வைத்திருக்கக் கூடாது என்று மானியக் குழு 2018இல் அறிவிக்கை வெளியிட்டிருக்கிறது. முதலில் எழுத்து மூலம் கேளுங்கள், ஒப்புதல் கையெழுத்து வாங்குங்கள். அசையவில்லை என்றால் முதலமைச்சரின் உதவி மையம் 1100இல் பதியலாம். பாக்கியை இல்லாமல் ஆக்க அது உதவாது, சான்றிதழை வாங்க உதவும்.

வரம்பு தாண்டிவிட்டதா? தொலைநிலைக் கல்விதான் வழி. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவில் இளநிலைப் படிப்பைக் குறைந்தது மூன்று வருடத்திலும் அதிகபட்சம் ஆறு வருடத்திலும் முடிக்கலாம், பரீட்சை ஜூனிலும் டிசம்பரிலும். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இருக்கிறது. நீங்கள் சேரும் வருடத்துக்கு அந்தப் படிப்புக்கு மானியக் குழுவின் தொலைநிலைப் பிரிவு அனுமதி இருக்கிறதா என்று அவர்கள் தளத்தில் பார்த்துவிட்டே காசு கட்டுங்கள். "ஒரே வருஷத்துல டிகிரி, பழைய தேதி போட்டுத் தருவோம்" என்று பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நோட்டீஸ் ஒட்டுகிறவர்களிடம் போனால் காசும் போகும், சான்றிதழ் சரிபார்ப்பில் வேலையும் போகும். தொலைநிலையில் படித்தால் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் தொகை கிடையாது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ரிசல்ட் வந்த நாளில் மனசு உடைந்து உட்கார்ந்திருக்கும் நண்பரை தனியாக விடாதீர்கள். 14416இல் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்ணின் ஆலோசகர்கள் தமிழில் பேசுவார்கள், கட்டணம் இல்லை.

கடைசி அரியரும் போன பிறகு

பாஸ் ஆன மார்க் ஷீட் கையில் இருந்தால் டிகிரி வந்துவிட்டது என்று நிறையப் பேர் நின்றுவிடுகிறார்கள். இன்னும் மூன்று தாள் வாங்க வேண்டும். எல்லா செமஸ்டரையும் ஒன்றாகக் காட்டும் கன்சாலிடேட்டட் மார்க் ஷீட், ப்ரொவிஷனல் சான்றிதழ், பிறகு பட்டச் சான்றிதழ். பி.எட்., முதுநிலை, குரூப் 2 சான்றிதழ் சரிபார்ப்பு எல்லாவற்றுக்கும் முதல் இரண்டையும் கேட்பார்கள். குரூப் 2க்கு அறிவிக்கை வரும் தேதியிலேயே பட்டம் முடித்திருக்க வேண்டும், பிறகு வாங்கித் தருகிறேன் என்பது எடுபடாது.

அரியர் இருந்தவர்களுக்கு இந்தத் தாள்கள் தானாகக் கல்லூரிக்கு வரும் என்று நம்ப வேண்டாம். கடைசி மார்க் ஷீட் கிடைத்ததும் எல்லா செமஸ்டர் நகலோடும் கல்லூரி ஆபீஸில் விண்ணப்பம் கொடுங்கள். ஏதாவது மார்க் ஷீட் தொலைந்திருந்தால் காவல் துறை இணையதளத்தில் தொலைந்த ஆவணப் புகார் பதிந்து அந்த ரசீதோடு டூப்ளிகேட்டுக்கு மனுக் கொடுக்க வேண்டும். இதையும் சேர்த்துச் செய்யுங்கள், தனித்தனியாகப் போனால் நாள்கள் இழுக்கும். பட்டச் சான்றிதழ் பட்டமளிப்பு விழாவுக்குக் கட்டணம் கட்டியவர்களுக்கே வரும். விழாவுக்கு நேரில் போக முடியாதவர்கள் இன்-ஆப்சென்ஷியா என்ற கட்டத்தில் டிக் அடித்துவிட்டால் பின்னர் கல்லூரியில் வாங்கிக்கொள்ளலாம். வாங்கும்போது அங்கேயே நின்று பெயர், இனிஷியல், மேஜர், முடித்த மாதம் நான்கையும் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தப்பு இருந்தால் கையெழுத்துப் போடும் முன்பே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.